பன்னிரண்டாம் தளத்து விளக்குக் கம்பம்

சவுத்தாம்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவுப் பயணம். குயின் மேரி 2 கப்பலில் நாய்க்கும் பூனைக்கும் பன்னிரண்டாம் தளத்தில் விடுதி உண்டு. கடற்காற்று இலவசம். கூண்டு வாடகை ஆயிரம் டாலர் அளவில். பணம் இருந்தாலும் உடனே இடம் கிடைக்காது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

2016-இல் கப்பலைச் சீரமைத்தார்கள். 12 கூண்டுகள் 24 ஆயின. அத்தோடு விட்டார்களா? நாய்கள் உலாவுமிடத்தில் பிரிட்டிஷ் விளக்குக் கம்பம் ஒன்றும், அமெரிக்கத் தெருக்களில் நிற்கும் தீயணைப்புக் குழாய் ஒன்றும் நட்டுவைத்தார்கள். பிரிட்டிஷ் நாய் கம்பத்தடியில் காலைத் தூக்கலாம், அமெரிக்க நாய் குழாயடியில். ஊர் ஏக்கத்தில் யாருக்கும் நீர்க்கட்டு வந்துவிடக் கூடாதே! தின்பதற்குச் சுடச்சுட பிஸ்கட். கவனித்துக்கொள்ளத் தனி ஆள்.

நாய்மீது நமக்குக் கோபமில்லை. பாவம், அது கம்பம் வேண்டுமென்று மனுப் போடவில்லை.

கம்பம் பிரிட்டிஷ். கப்பல்? 2011-லேயே பிரிட்டிஷ் பதிவை உதறிவிட்டு பெர்முடாவுக்குப் போய்விட்டது. ஏன் என்று கேட்டார்கள். நடுக்கடலில் கல்யாணம் செய்துவைக்க பெர்முடா சட்டம் இடம் கொடுக்கிறதாம். தொழிலாளர் சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். நம்புங்கள். நம்புவதற்குத்தானே நாம் இருக்கிறோம்.

இந்தக் கரிசனம் பழைய கரிசனம். இதே சவுத்தாம்டனிலிருந்து 1912-இல் புறப்பட்ட டைட்டானிக்கில் மூன்று நாய்கள் உயிர்காக்கும் படகேறிப் பிழைத்தன. மூன்றும் முதல் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் சுமார் 700 மனிதர்கள். முக்கால்வாசிப் பேர் செத்தார்கள். கப்பல் ஊழியர்களின் சம்பளமோ கப்பல் மூழ்கிய நிமிடத்தோடு நின்றது. மூழ்கிய கப்பலில் என்ன வேலை, எதற்குக் கூலி? கணக்குப்பிள்ளை கெட்டிக்காரர்.

டைட்டானிக்கை ஓட்டிய ஒயிட் ஸ்டார் கம்பெனி 1934-இல் குனார்டு கம்பெனியோடு இணைந்தது. குயின் மேரி 2-ஐ நடத்துவதும் குனார்டுதான். தன் உபசரிப்புக்கு அது இன்றும் சூட்டியிருக்கும் பெயர் ஒயிட் ஸ்டார் சர்வீஸ். கூச்சம் என்று ஒன்று இருந்தால் அந்தப் பெயரைக் கடலிலேயே விட்டிருப்பார்கள்.

இனி மேல்தளத்திலிருந்து இறங்குவோம். உலகத்தின் உல்லாசக் கப்பல்களில் தட்டு கழுவுவதும், படுக்கை விரிப்பதும், குழாய் அடைப்பு எடுப்பதும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியப் பிள்ளைகள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அவர்களுக்கு ஒரு பெரிய சலுகை தந்திருக்கிறது: 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு. அதாவது மீதி 14 மணி நேரமும் வேலை வாங்கலாம். அந்தப் பத்தையும் இரண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கலாம். ஒரு துண்டு ஆறு மணி நேரம் இருந்தால் போதும். தூக்கத்தைக்கூடத் தவணையில் கொடுக்கிற முதலாளிகள்! மேலே நாய் உலாவப் போகிறது. கீழே மனிதன் நாய் படாத பாடு படுகிறான். அவன் வீட்டு ஞாபகத்துக்கு அங்கே எந்தக் கம்பத்தையும் யாரும் நடவில்லை.

தேர்ந்த மாலுமி ஒருவருக்கு 2025-இல் சர்வதேச அளவில் நிர்ணயித்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 673 டாலர். அதுவும் வெறும் பரிந்துரை. அந்த ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்தாலும் பன்னிரண்டாம் தளத்தில் ஏழு இரவுக்கு ஒரு கூண்டு கிடைக்காது.