டபுள் கேஜ் பெரியவர்

பெங்களூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், செம்மேட்டுப் பக்கம் வீடு பிடித்துக் கொல்லிமலைக்குக் குடியேறுகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. வீட்டுத் திண்ணையில் டிராஃப்ட் பீர் குழாய் வைத்தே தீருவேன் என்கிற ரகம். பீர் ஒன்றும் பெரிதில்லை. அரை கிளாஸுக்கு மேல் டாக்டர் விடுவதுமில்லை. குழாய்க்குப் பின்னால் நின்று பீரைத் தள்ளுகிற கேஸ், ரெகுலேட்டர் சமாச்சாரம்தான் அவருக்கு உயிர்.

மிளகு பறிக்க வந்தவர் விவரம் தெரியாமல், "ரெகுலேட்டருன்னா நம்ம அடுப்புக்கு மாட்டறதுதானுங்களே?" என்று கேட்டுவிட்டால், அன்றைக்கு மிளகு கொடியிலேயே நிற்கும்.

"அது வெறும் 30 மில்லிபார் கண்ணு! கார்பன்டை ஆக்சைடு சிலிண்டர்ல 20 டிகிரிக்கே 57 பார். நம்ம நாமக்கல் லாரி டயருக்கு அடிக்கிற காத்தைப்போல ஏழு மடங்கு. அதை 10, 12 பி.எஸ்.ஐ.க்கு இறக்கணும். ஸ்கூட்டர் டயருக்குக்கூட அதைவிட ஜாஸ்தி!"

சிங்கிள் கேஜா, டபுள் கேஜா என்பதில் அவர் முடிவுக்கு வரப் பல மாதம் ஆகும். கடைசியில் டபுள்தான். ஒரு முள் பீப்பாய்க்குப் போகிற அழுத்தத்தைக் காட்டும். இன்னொன்று சிலிண்டருக்குள் இருப்பதைக் காட்டும். இரண்டாவது முள்ளைத் தினமும் காலையில் கண்ணாடி போட்டுப் பார்ப்பார். அது அசையாது. ஏனென்றால் உள்ளே திரவமாக இருக்கிற கேஸ் கடைசிச் சொட்டு வரை அதே அழுத்தத்தில்தான் நிற்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் முள் விழும்.

"எவ்வளவு மிச்சம்னு தெரியணும்னா எடை போட்டுப் பாருங்க. காலி எடைதான் சிலிண்டர்லயே அடிச்சிருக்கே" என்று வீட்டம்மா சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவார். அடுப்பு சிலிண்டரோடு குடித்தனம் நடத்தியவருக்கு இது ஒரு வித்தையா? பெரியவர் அதைக் காதில் வாங்குவதில்லை. டபுள் கேஜின் விலை அப்படி.

மலையின் உயரத்தையும் விட்டுவைக்க மாட்டார். 2,000 அடி ஏறினால் கேஜில் ஒரு பி.எஸ்.ஐ. கூட்டி வைக்க வேண்டும், இங்கே 4,000 அடி, ஆகவே இரண்டு. கணக்கு சரிதான், மறுக்க முடியாது. வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்திய மலையாயிற்றே என்று, ஒரே ரெகுலேட்டரில் ஐந்து பீப்பாய் ஓட்டவும் பார்ப்பார். ஐந்துக்கும் ஐந்து விதமான அழுத்தம் வேண்டுமென்றால் தனித்தனி ரெகுலேட்டர் வேண்டும் என்று தெரிந்ததும் முகம் வாடாது, மலரும். இன்னும் நாலு வாங்கலாம்.

சிலிண்டரைப் படுக்கவைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் ஏறிக் கெடுத்துவிடும். எனவே, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுக்கும் காரின் முன் சீட்டில் பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து வருவது சிலிண்டர். வீட்டம்மா பின் சீட்டில், அன்னாசிப்பழங்களுக்கு நடுவே. கசிந்தால் மூச்சு முட்டும் என்று கண்ணாடி நான்கும் இறக்கியிருக்கும்.

எல்லாம் மாட்டி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்து, பீர் நுரைத்துப் பொங்காமலிருக்கப் பத்தடி ட்யூபையும் சுருட்டி வைத்த பிறகுதான் அந்தக் கேள்வி எழும்: பீர் எங்கே? உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சினால் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் பிடிக்கும். டாஸ்மாக்கில் பாட்டில் உண்டு, பீப்பாய் கிடையாது. பாட்டிலை வாங்கிப் பீப்பாயில் கவிழ்க்க அவருடைய சுயமரியாதை இடம் கொடுக்காது.

ஆக, பீப்பாயில் ஏறுவது தண்ணீர். நன்றாகக் குளிரவைத்து 30 பி.எஸ்.ஐ.யில் இரண்டு நாள் விட்டால் சோடா. அதே கேஸை வைத்துக்கொண்டு, எந்த ஆராய்ச்சியும் இல்லாமல், கீழே கோலி சோடாக்காரர் நிமிஷத்துக்கு நிமிஷம் பாட்டில் நிரப்பிக்கொண்டிருக்கிறார் என்பதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

சோடா என்னவோ அருமையாகத்தான் இருக்கிறது. எலுமிச்சையும் மலை மிளகும் போட்டுக் கொடுத்தால் இன்னொரு டம்ளர் கேட்கத் தோன்றும். அந்தப் பக்கம் போனால் தாராளமாகக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். ரெகுலேட்டர் என்ன கம்பெனி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நாமக்கல்லுக்குக் கடைசி பஸ் போய்விடும்.