ஒரிஜினலாக இருக்க ஒரு நாள் பயிற்சி

ஸ்டீவ் ஜாப்ஸின் கறுப்பு டர்ட்டில்நெக்கை எல்லோருக்கும் தெரியும். அது பிறந்த கதை பலருக்குத் தெரியாது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பான் போன ஜாப்ஸ், சோனி ஊழியர்கள் அத்தனை பேரும் சீருடையில் இருப்பதைப் பார்த்து அதிசயித்தார். போர் முடிந்த காலத்தில் உடுத்தத் துணி இல்லை, கம்பெனிதான் கொடுக்க வேண்டியிருந்தது என்று காரணம் சொன்னார் சோனியின் அகியோ மொரிட்டா. ஜாப்ஸுக்கு ஆசை பற்றிக்கொண்டது. சோனிக்குச் சீருடை வடிவமைத்த இஸ்ஸே மியாகேயிடமே ஆப்பிளுக்கும் கையில்லாத மேல்சட்டை மாதிரிகள் வாங்கி வந்து, ஊழியர்கள் முன் மேடையேறிக் காட்டினார். ‘ஊ’ என்று கத்தி இறக்கிவிட்டார்கள்.

நீங்கள் போடாவிட்டால் போங்கள், நானாவது போட்டுக்கொள்கிறேன் என்று மியாகேயிடம் தனக்கு மட்டும் கறுப்புச் சட்டைகள் கேட்டார். ஏறக்குறைய நூறு வந்து இறங்கின. வாழ்நாள் முழுக்கப் போதும் என்று தன் வரலாற்றை எழுதிய வால்டர் ஐசக்சனிடம் அந்தக் குவியலையே காட்டியிருக்கிறார். ஆக, தனித்துவத்துக்கு உலகமே உதாரணம் காட்டும் அந்த உடை, ஊழியர்கள் வேண்டாம் என்று தள்ளிய யூனிஃபார்ம் திட்டத்தின் மிச்சம்.

அந்த மிச்சத்தையும் காப்பியடித்தவர் எலிசபெத் ஹோம்ஸ். 19 வயதில், 2003இல் தெரனோஸ் கம்பெனியைத் தொடங்கியவர். விரல்நுனியில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் ஏகப்பட்ட பரிசோதனைகள் செய்யலாம் என்றார். கறுப்பு டர்ட்டில்நெக்கும் கனத்த குரலும் அவர் அடையாளங்கள். அந்தக் குரல் சொந்தக் குரல் இல்லை என்று கூட வேலை பார்த்தவர்களே பிற்பாடு சொன்னார்கள். பத்திரிகை அட்டைகள் எல்லாம் வந்தன. வராதது ஒழுங்கான ரத்தப் பரிசோதனை முடிவு. 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றம் நிரூபணமாகி, நவம்பரில் 11 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத் தண்டனை கிடைத்தது. இப்போது அவருக்கு உடை முடிவெடுக்கும் தொல்லை இல்லை. சிறையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தச் ‘சொந்த பிராண்ட்’ மோகத்தை ஊரெங்கும் பரப்பிய பெருமை டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நிர்வாக ஆலோசகருக்கு. 1997இல் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம்: நீங்கள் யாரிடம் சம்பளம் வாங்கினாலும், ‘நான்’ என்ற கம்பெனிக்கு நீங்களே தலைமை நிர்வாகி, பெரிய கம்பெனிகள் தம் பொருளை விற்பதுபோல நீங்கள் உங்களை விற்றுக்கொள்ள வேண்டும். விற்பதற்குச் சந்தை? 2003 மே மாதம் லிங்க்ட்இன் திறந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. தம்மைத் தாமே விற்க வந்த கோடிக்கணக்கானோரை வைத்து லாபம் பார்த்தவர் யார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பீட்டர்ஸ் கிளப்பிய அலை, சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் இக்கட்டுரையாளர் வேலை பார்த்த அலுவலகத்தையும் ஒருநாள் எட்டியது. எச்.ஆர். ஏற்பாடு செய்த பயிற்சி வகுப்பு. “நீங்கள் நீங்களாகவே இருங்கள்” என்று பயிற்சியாளர் காலை பத்து மணிக்குச் சொன்னார். எப்படி இருக்க வேண்டும் என்று மாலை ஐந்து வரை சொல்லிக்கொடுத்தார். நடுவில் ஒரு தாள் வந்தது; உங்களை மூன்று வார்த்தைகளில் எழுதுங்கள். கூடத்தில் முக்கால்வாசிப் பேர் ‘பேஷனேட்’ என்று எழுதியிருந்தார்கள், அத்தனை பேரும் தனித்தனியாக யோசித்து. அக்கவுன்ட்ஸ் பெரியவர் ஒருவர் மட்டும் ‘கணக்கு சரியா இருக்கும்’ என்று எழுதிக் கொடுத்தார்.

“இது உங்க வேலை சார். உங்களைப் பத்தி எழுதுங்க” என்றார் பயிற்சியாளர்.

“அதுக்கு மேல என்னம்மா இருக்கு என்கிட்ட?”

வகுப்பு முடிந்த வாரத்தில் எல்லோரும் லிங்க்ட்இன்னில் எழுத ஆரம்பித்தார்கள். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தனக்குத் தலைமைப் பண்பைக் கற்றுக்கொடுத்ததாக ஒரு டீம் லீடர் உருகியிருந்தார். அதே ஆட்டோவில் கூட வந்த இக்கட்டுரையாளருக்குத் தெரிந்து ஓட்டுநர் பேசியது ஒரே வாக்கியம்: “சில்லறை இல்லைன்னா ஜிபே பண்ணிடுங்க சார்.”

இந்த உருக்கம் எதுவரை போகும் என்பதற்கு 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஓர் எல்லைக்கல் நட்டார்கள். ஒஹையோவில் சிறிய மார்க்கெட்டிங் கம்பெனி நடத்தும் இளைஞர் ஒருவர் சில ஊழியர்களை வேலையைவிட்டு நிறுத்தினார். பிறகு கண்ணீர் வழியத் தன்னைத் தானே படம் எடுத்து, தன் மனசு படும் பாட்டை லிங்க்ட்இன்னில் எழுதினார். உலகம் முழுக்கத் திட்டு விழுந்தது. அழுகை பொய் என்று சொல்ல முடியாது, நிஜமாகவே வருத்தப்பட்டிருக்கலாம். ஆனால் வேலை போனது வேறு யாருக்கோ. அழும்போது கேமராவைச் சரியான கோணத்தில் பிடிக்கத் தோன்றியதே, அங்கேதான் படித்தவர்களுக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

சரி, கேமரா இல்லாமல் உண்மையைப் பேசினால்? அதிலும் வில்லங்கம் இருக்கிறது. நிர்வாகவியல் பேராசிரியர் ஹெர்மினியா இபாரா 2015இல் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’வில் ஒரு மேலாளரின் கதையைச் சொல்கிறார். பதவி உயர்ந்து, கீழே வேலை செய்வோர் எண்ணிக்கை பத்து மடங்கு ஆனதும், அந்த அம்மையார் ஊழியர்களிடம் மனம் திறந்தார்: இந்த வேலையைச் செய்ய ஆசைதான், ஆனால் பயமாக இருக்கிறது, உங்கள் உதவி வேண்டும். அத்தனையும் உண்மை. கேட்டவர்களுக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. பைலட் மைக்கைப் பிடித்து ‘எனக்கும் உங்களைப் போலவே உதறுகிறது’ என்றால் பயணிகள் கைதட்டவா செய்வார்கள்?

இத்தனைக்கும் நடுவில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் ஞாபகம் வருகிறார். எஸ். ரங்கராஜன், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். அங்கே மின்னணு வாக்கு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. அந்த இயந்திரம் 1982இல் கேரளத்தின் பறவூர் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பட்டது. கதை எழுத வந்தபோது அவர் பெயரில் சிக்கல். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாம் என்று மனைவி பெயரை எடுத்துக்கொண்டார்: சுஜாதா. இன்றைய பயிற்சியாளர் கேட்டால் மயங்கி விழுவார். சொந்தப் பெயர் இல்லை. பார்க்கிற உத்தியோகத்துக்கும் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பெயரை மறைத்துவிட்டு ஒரு பத்தி கொடுத்தால் போதும், வாசகர் எழுதியவரைச் சொல்லிவிடுவார்.

நம் அலுவலகங்களில் பிராண்ட் வைக்கும் வேலையை நெடுங்காலமாகப் பக்கத்து சீட்டுக்காரர்கள் இலவசமாகவே செய்துவருகிறார்கள். எச்.ஆருக்குத்தான் இது எட்டவில்லை. எவ்வளவு பெரிய அதிகாரி நீட்டினாலும் ரசீது இல்லாத பில்லைப் பாஸ் செய்யாத அந்த அக்கவுன்ட்ஸ் பெரியவருக்கு ‘வவுச்சர்’ என்று பெயர். எந்த வேலையைக் கேட்டாலும் ‘சாயங்காலத்துக்குள்ள’ என்று சொல்லும் புரோகிராமர் ‘சாயங்காலம்’. மே மாதமோ மார்கழியோ, ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டு அப்புறம்தான் கம்ப்யூட்டரைத் திறக்கும் சீனியர் அக்கா ‘பதினெட்டு’. லிங்க்ட்இன்னில் அந்த அக்காவின் சுயவிவரம் ‘மாற்றங்களை எளிதில் ஏற்பவர்’ என்கிறது.

அவர் ஹைதராபாத் கிளைக்கு மாற்றலாகிப் போனார். இங்கே ஸ்வெட்டர்கள் வீடு திரும்பின. பட்டப்பெயரைப் பற்றி அங்கே யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று நண்பர்களெல்லாம் பேசி வைத்திருந்தோம். அவர் சேர்ந்து ஒரு வாரம் ஆவதற்குள் அந்தக் கிளையின் நிர்வாகப் பிரிவிலிருந்து வவுச்சருக்குப் போன் வந்தது.

“சார், புதுசா வந்திருக்கற மேடம் ஏ.சி. ரிமோட்டைத் தன் டேபிள்லயே வெச்சுக்கறேன்னு கேக்கறாங்க. அங்கேயும் அப்படித்தானா?”

“எழுத்துல கேட்டிருக்காங்களா?” என்றார் வவுச்சர்.