முப்பது மில்லிகிராம் மாட்சிமை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவே, நீ வாழி! 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை மது இருந்தால் குற்றமில்லை என்று அளந்து கொடுத்த உன் வள்ளன்மைக்கு ஈடு உண்டா? அளவு மீறிய அன்பருக்கும் நீ தாயே. முதல் முறையென்றால் ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ. சிறைவாசம் உடம்புக்கு ஆகாது என்போர் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்படி வாசலைத் திறந்தே வைத்திருக்கிறாயே, என்ன பெருந்தன்மை!

2003 முதல் சில்லறை மதுக்கடையைத் தானே நடத்திவரும் தமிழக அரசின் சமநோக்கும் போற்றத் தக்கது. கடையில் பாட்டிலை நீட்டுவதும் அந்தத் திருக்கரமே. சாலையில் கருவியை நீட்டி ‘ஊது’ என்பதும் அந்தத் திருக்கரமே. வாங்கினாலும் வருமானம், ஊதினாலும் வருமானம். இத்தகைய நிர்வாகத் திறனைச் சோழனும் கண்டிருக்க மாட்டான்.

நேரம் போகப் போக ரத்தத்தில் மது வடிந்துவிடும் என்பது இயற்கை காட்டும் கருணை. அதற்கு இடையூறு செய்யாமல், ரத்தம் எடுப்பதில் நிதானம் காக்கும் கனவான்களை எந்த வாயால் புகழ்வது? புனே நகரம் இதிலும் ஒரு படி மேலே போனது. 2024 மே மாதம் கல்யாணி நகரில் போர்ஷே கார் மோதி, பைக்கில் சென்ற இரு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். ஓட்டியதாகச் சொல்லப்பட்ட பதினேழு வயதுச் செல்வத்துக்குச் சில மணி நேரத்தில் ஜாமீன். விபத்துகள் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுதும்படி நிபந்தனை. உயிருக்கு 150 சொல்! தமிழ் வளர்த்த சங்கமும் இப்படி உரைநடை வளர்த்ததில்லை. ஊர் கொதித்த பிறகே உத்தரவு மாறியது. ரத்த மாதிரியையே மாற்றி வைத்ததாக அரசு மருத்துவர்கள் கைதானதும் அப்போதுதான்.

அடிபட்டவரைச் சட்டம் மறந்துவிட்டதாக யாரும் நாக்கூசாமல் சொல்லிவிட வேண்டாம். அவருக்கென்றே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும் என்று 2019 திருத்தம் கெடு வைத்தது. கால் எலும்பு கூடும் முன்பே கோர்ட்டுப் படி ஏறவைக்கும் அக்கறை அது. ஏறியபின் அவசரமே இல்லை. வாய்தாமேல் வாய்தா தந்து, வாழ்க்கை நிலையாமையைக் காசு வாங்காமல் போதிக்கிறார்கள்.

கூண்டில் நிற்கும் கொத்தனாரைப் பாருங்கள். கையில் ஊன்றுகோல், கக்கத்தில் எக்ஸ்ரே உறை. “சம்பளச் சீட்டு இருக்கா?” என்று வினவுகிறார் இன்சூரன்ஸ் வக்கீல். சாரத்தில் நின்று செங்கல் அடுக்கியவர் சம்பளச் சீட்டை எங்கே வைத்திருந்தாரோ! “இப்ப நடந்துதானே வந்தீங்க?” என்பது அடுத்த கேள்வி. முடமான காலுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்குமா?

மதுவின் மகிமையோ சொல்லி மாளாது. கிரிமினல் கோர்ட்டில், “என் கட்சிக்காரர் குடிக்கவே இல்லை” என்கிறார் ஓட்டியவரின் வக்கீல். தீர்ப்பாயத்தில், “குடித்துத்தான் ஓட்டினார், ஆகவே பாலிசி செல்லாது” என்கிறது இன்சூரன்ஸ் கம்பெனி. ஒரே சரக்கு அங்கே இல்லாமலும் இங்கே இருந்தும் இருவரையும் காக்கிறது. காலை உடைத்தவருக்கும் பணம் தரவேண்டியவருக்கும் கவசமாகும் அந்தத் திரவம், கால் உடைந்தவரை மட்டும் கண்டுகொள்வதில்லை. ‘முதலில் இவருக்குப் பணத்தைக் கொடு, பிறகு வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்’ என்று கம்பெனிக்கு நீதிமன்றங்கள் உத்தரவிட்ட வழக்குகள் பல. கேட்டு வாங்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் பிரசாதம் அது.

மோதிவிட்டு மறைந்த புண்ணியவான் பிடிபடவே இல்லையா? கவலை எதற்கு? உயிர் போயிருந்தால் இரண்டு லட்சம், கொடுங்காயமென்றால் 50,000 ரூபாய் என்று அரசே விலை குறித்து வைத்திருக்கிறது.

ஆதலால் அன்பர்களே, அடிபட நேர்ந்தால் எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்), மருந்துக் கடைச் சீட்டு, ஊனச் சான்று அத்தனையும் எடுத்து வையுங்கள்; ஆறு மாதக் கெடுவை மறவாதீர்கள். குடித்து ஓட்டியவர் எதையும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியதையெல்லாம் நாம் ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டோம்.