வாப்பா வாங்கிய துக்ளக்

மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் துக்ளக் இதழ் வாங்கியது வாப்பா ஒருவர்தான். பீடிக்கடையில் கணக்கு எழுதுகிறவர், ஐந்து வேளையும் தொழுகிறவர், பேட்டையில் பிறந்த முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத் மீது உயிரையே வைத்திருந்தவர். அதன் ஆசிரியர் சோ ராமசாமி எழுதுவதில் பாதிக்கு மேல் அவருக்கு ஆகாது. இருந்தும் இதழ் வந்த அன்று சோறு ஆறிப்போகும்.

எல்லாம் ஒரு நாடகத்தால் வந்தது. 1968இல் சோ அரங்கேற்றிய 'முகம்மது பின் துக்ளக்'கில் பதினான்காம் நூற்றாண்டு சுல்தான் கல்லறையிலிருந்து எழுந்து வந்து தேர்தலில் ஜெயித்துப் பிரதமராகிறார். மொழிச் சண்டையைத் தீர்க்கப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறார். கட்சி மாறி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. 1971இல் அது படமானபோது எம்.எஸ்.விஸ்வநாதன் அல்லாவைப் பாடிய பாட்டு எங்கள் கல்யாண வீடுகளிலும் ஒலித்தது. சுல்தானைக் கேலி செய்கிறாரே என்று சிலர் முணுமுணுத்தார்கள். "கேலி சுல்தான் மேல இல்லவே, டெல்லியிலயும் கோட்டையிலயும் உட்கார்ந்திருக்கவன் மேல" என்றார் வாப்பா. இன்று அந்தத் தலைப்பில் ஒருவர் நாடகம் போட்டால் முதல் காட்சிக்கு முன்பே இரண்டு பக்கத்திலிருந்தும் புகார் போயிருக்கும்.

அந்த நாடகத்தின் பெயரில் 1970 பொங்கலுக்குத் தொடங்கிய பத்திரிகைதான் துக்ளக். 1975இல் நெருக்கடி நிலை வந்ததும் அட்டையைக் கறுப்பாக்கி வெளியிட்டார் சோ. பெரிய பெரிய பத்திரிகைகளே வாயை மூடிக்கொண்ட நேரம். வாப்பா அந்த இதழைக் கடைக்கு எடுத்துப்போய், இலையும் தூளும் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். சோவின் எழுத்து வாழ்க்கையில் அதற்கு மேல் ஒன்று இல்லை என்பது என் எண்ணம்.

பெண்கள் விஷயத்தில் அவரை என்னால் ஏற்கவே முடிந்ததில்லை. பெண் விடுதலைப் பேச்சைப் பரிகசித்தார், மகளிர் இடஒதுக்கீட்டை எதிர்த்தார். அதையெல்லாம் வாப்பா வாசிக்க, மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே உம்மா கேட்பாள். "இந்தக் கையி ஓடலேன்னா அவரு புஸ்தகத்துக்கு நீங்க எங்கேருந்து காசு கொடுப்பீய?" வாப்பாவிடம் பதில் இருக்காது. அதே சோதான் ஜெயலலிதாவின் நீண்டகால நண்பர். 1996இல் எதிர்த்து நின்றார், பிறகு மறுபடியும் ஆதரித்தார். ஜெயலலிதா காலமாகி இரண்டே நாளில், 2016 டிசம்பர் 7இல், சோவும் போய்விட்டார்.

இந்திராவோ கருணாநிதியோ எம்.ஜி.ஆரோ, யாரையும் விட்டுவைக்காத பேனா அது. 1999இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 2008 ஜனவரியில் துக்ளக் ஆண்டு விழா மேடைக்கு, அப்போது குஜராத் முதல்வராக இருந்த மோடி வந்தார். 2002 குஜராத் கலவரத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சாதாரணமாகச் சொல்ல முடியாது. அவரைப் பிரதமராக்க வேண்டும் என்று சோ எழுதினார். மற்றவர்களிடம் கேட்ட கேள்விகளை அவரிடம் அந்தக் கடுமையோடு கேட்கவில்லை. அந்த மனவருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. வாப்பா மட்டும் இதழை நிறுத்தவில்லை. "என்ன சொல்லுதான்னு தெரியாம எப்படில மறுத்துப் பேசுவே?"

என் தங்கை மகனுக்குக் கைப்பேசியில் அவன் தரப்புப் பேச்சு மட்டுமே வருகிறது. போன பெருநாளன்று அவனை உட்காரவைத்து 'முகம்மது பின் துக்ளக்' படத்தைக் காட்டினேன். பாரசீகக் காட்சியில் விழுந்து விழுந்து சிரித்தவன், "இவரு எந்தப் பக்கம் மாமா?" என்றான். 1975ஐயும் சொன்னேன், 2008ஐயும் சொன்னேன். இரண்டாவதை உடனே நம்பினான். முதலாவதை இன்னும் நம்ப மறுக்கிறான்.