படங்குக் கதவும் படலை மரபும்: ஒரு முன்னோடி ஆய்வு

யாழ்ப்பாணத்து வாசல்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் சங்கடப்படலையோடு நின்றுவிட்டார்கள். கூரை வேய்ந்த அந்த வாசலையும், வழிப்போக்கன் மழைக்கு ஒதுங்க இடம் விட்ட மனசையும் மெச்சிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். ஜீப்பின் படங்குக் கதவை ஒருவரும் தொடவில்லை. தொட்டால் கையோடு வந்துவிடும் என்ற பயம் காரணமாக இருக்கலாம். எங்கள் வீட்டு ஜீப்பின் இடப்பக்கக் கதவு கார்த்திகை மழையில் ஒருநாள் அப்படித்தான் மாமியின் கையோடு வந்தது. கம்பிச் சட்டம் வண்டியிலேயே நின்றது, சீலை மட்டும் வந்தது. மாமி அதை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, இதை இனி என்ன செய்யிறது, தோய்ச்சுக் காயப்போடுறதோ?" என்று கேட்டார். இந்த ஆய்வு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

முதலில் வரைவிலக்கணம். வளைத்த இரும்புக் கம்பியாலான சட்டம், அதன்மேல் இழுத்துத் தைத்த படங்கு, வெளியே பார்ப்பதற்கென்று சொல்லப்படும் மஞ்சள் பிளாஸ்திக்குத் துண்டு, வண்டியின் உடம்பிலுள்ள குழாயில் மேலிருந்து இறங்கும் இரண்டு கீலாணிகள். இவ்வளவும் சேர்ந்தது படங்குக் கதவு. பூட்டு கிடையாது. இரும்புக் கதவின் தொழில் தடுப்பது. படங்குக் கதவின் தொழில் ‘உள்ளே ஆள் இருக்கிறது, கேட்டுவிட்டு வா’ என்று அறிவிப்பது. அந்த வகையில் அது வேலிப் படலைக்கும் குடிசைத் தட்டிக்கும் நெருங்கிய உறவு. படல், படலை, படங்கு என்ற மூன்றும் ‘பட’ என்றே தொடங்குவது தற்செயல் என்று மொழியியலார் சொல்லக்கூடும். நான் மொழியியலார் அல்லன் என்பதால் அந்தத் தடை எனக்கு இல்லை.

இங்கே தட்டிவானைக் குறிப்பிடாமல் போனால் தென்மராட்சியார் மன்னிக்கமாட்டார்கள். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய அந்த மர உடம்பு வாகனம், பின்னால் சங்கிலியில் தொங்கிய தட்டியால் பெயர் பெற்றது. தட்டியில் சைக்கிளும் வாழைக்குலையும் ஏறும், இடம் மிஞ்சினால் மனிதரும் ஏறுவர். எஞ்சின் எந்த நாட்டுச் சரக்கென்று பாராமல், அடைப்புப் பலகையைப் பார்த்து வாகனத்துக்குப் பெயர் வைத்த சமூகம் இது. எனவே கதவாராய்ச்சிக்கு இதைவிடத் தகுந்த மண் கிடையாது.

வரலாற்றுக்கு வருவோம். ஜீப் கதவில்லாமலே பிறந்தது. 1941 முதல் 1945 வரை வில்லீஸும் போர்டும் சேர்ந்து செய்த ஏறத்தாழ 6,40,000 வண்டிகளில், வாசல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு படங்குப் பட்டி மட்டும் குறுக்கே கட்டியிருந்தது. குண்டு விழும்போது குதிக்கிறவனுக்குக் கைப்பிடி தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. மழைக்கும் குளிருக்குமான துணி மறைப்புகள் பிறகுதான் வந்தன. 1948இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் லான்ட்றோவர் வெளிவந்தது. உருக்குத் தட்டுப்பாட்டால் அதன் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள், கூரைக்குப் படங்கு போட்டார்கள். வறுமையிலும் வடிவு உண்டு என்பதற்கு நான் தரும் முதல் சான்று அது.

எங்களுடையது படைக்குப் பிறந்ததல்ல, அதன் சிவில் தம்பி. சுக்கான் வலப்பக்கம். எஞ்சின் மட்டும் அண்ணனுடையதே. அமுக்க விகிதம் 6.48க்கு 1 என்பதால் எதை ஊற்றினாலும் முகம் சுளிக்காது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணில் படாமல் போனபோது, குடாநாட்டு வாகனங்கள் கிளப்புவதற்கு நாலு துளி பெற்றோலும் ஓடுவதற்கு மண்ணெண்ணெயுமாகக் காலம் கழித்தன. எங்கள் ஜீப்பும் அப்படித்தான். அந்த ஐந்து வருடப் புகை படங்கில் படிந்து மெழுகுபோல் இறுகியதால்தான் கதவு இத்தனை காலம் தண்ணீர் விடவில்லை என்பது மாமாவின் கொள்கை. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாமியின் சீலைகளில் படிந்த அதே கருமை ஒரு துளி தண்ணீரையும் தடுத்ததில்லை.

படை வண்டிகளின் படங்குக் கதவுகளை யாழ்ப்பாணத்தார் அருகில் நின்று ஆராய்ந்ததில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்யவேண்டும். 1987க்கும் 1990க்கும் இடையில் இந்திய அமைதிப்படையின் வண்டிகள் ஒழுங்கைகளில் ஓடின. நிசானின் பட்ரோலை ஜபல்பூரில் செய்து, அந்தத் தொழிற்சாலைப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஜொங்கா என்று அழைத்த வண்டியும் அவர்களுடையது. பிறகு வேறு படைகளின் வேறு வண்டிகள் வந்தன. எல்லாவற்றையும் கிடுகு வேலிக்குப் பின்னால், விளக்கைத் தணித்துவிட்டு, சத்தத்தை வைத்தே இனம் கண்டோம். தகரக் கதவு அடிபடும் சத்தம் கேட்டால் இறங்குகிறார்கள் என்று பொருள். படங்குக் கதவு சத்தமில்லாமல் திறக்கும். இந்தத் துறையில் எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு இருந்த அறிவு இனி எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. கிடைக்கவும் வேண்டாம்.

அமெரிக்கர்களுக்கும் இந்தக் கதவால் தலையிடி வந்தது. 1980களில் வந்த ஹம்வீ வண்டிகளில் பெரும்பகுதி துணிக் கதவோடுதான் ஈராக்குக்குப் போனது. 2004 டிசெம்பரில் குவைத்தில் ஒரு படைவீரர் பாதுகாப்புச் செயலாளர் ரம்ஸ்பெல்டிடம், குப்பையில் இரும்பு பொறுக்கி வண்டிக்கு அடிக்கவேண்டியிருப்பது ஏன் என்று எல்லோர் முன்னும் கேட்டுவிட்டார். படலையைக் கோட்டை வாசலாக்கப் போனால் இப்படித்தான் கேள்வி வரும்.

இனி நோய்க்கூறு. குடாநாட்டில் படங்குக் கதவைக் கொல்வது காற்று. அதனால் நோயைக் காற்றின் பெயரால் வகுக்கிறேன். சோளகம் வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் தூள் சிப்பின் பற்களுக்குள் போய்க் குடியிருக்கும். பிறகு சிப் ஏறும், இறங்காது. அதே தூள் பிளாஸ்திக்குக் கண்ணாடியிலும் ஒட்டும். அதைக் காய்ந்த துணியால் துடைப்பவர் கண்ணாடிக்கு உப்புத்தாள் போடுகிறார் என்று அறிக. தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும். அந்தப் பிளாஸ்திக்கை மெதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை வெயிலில் வெளியேறிவிட, அது மஞ்சளாகி, இறுகி, மடித்த கோட்டிலே வெடிக்கும். பாயைப்போலச் சுருட்டலாம், சீலையைப்போல மடிக்கக்கூடாது. மாமி செய்தது இரண்டாவது.

வாடைக் காற்றின் நோய் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த படங்கு காயாமலே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்துக் கம்பியைச் சுற்றித் தைத்த மடிப்பின் அடியில் தண்ணீர் தேங்கும். பண்ணைக் கடல் பக்கம் போய்வந்த வண்டியென்றால் அதில் உப்பும் சேரும். சட்டம் எப்போதும் கீழ்க்கம்பியிலிருந்துதான் உக்கத் தொடங்குகிறது. இதற்கு மருந்து மிக எளிது: அடி மடிப்பில் இரண்டு இடத்தில் சின்ன ஓட்டை விட்டுத் தைத்தால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க எங்கள் குடும்பத்துக்கு முப்பது வருடம் பிடித்தது.

சத்திர சிகிச்சைக்காக முதலில் நகரத்துக் குசன் கடை ஒன்றுக்குப் போனோம். கடைப் பெயர் தேவையில்லை. அவர் சதுரமாக ஒரு துண்டை வெட்டி ஒட்டுப்போட்டார். நாலு மூலையும் இரண்டாம் கிழமையே நாய்க்காதுபோல் எழும்பின. ஒட்டுத் துண்டின் மூலையை வட்டமாக வெட்டவேண்டும் என்பது தையல் பழகும் பிள்ளைக்கும் தெரியும். அதைவிடப் பெரிய பிழை, மேல்துண்டின் விளிம்பைக் கீழ்த்துண்டுக்கு அடியில் செருகித் தைத்திருந்தார். கிடுகு வேய்ந்த ஒருவரும் அதைச் செய்யமாட்டார். கூரை வேய்கிறவர் இறப்பிலிருந்து தொடங்கி முகட்டுக்கு ஏறுவது ஏன்? மேலே உள்ளது கீழே உள்ளதை மூடினால்தான் தண்ணீர் வழிந்தோடும். எங்கள் ஒட்டு தண்ணீரை வரவேற்று, கைபிடித்து உள்ளே கூட்டிவந்தது.

இரண்டாவது கடைக்காரர் வயதானவர். கதவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அண்ணை, இது கதவோ, கொடியில காயப்போட்ட சாரமோ?"

"கதவுதான். வில்லீஸ்," என்றார் மாமா, கொஞ்சம் மரியாதையை எதிர்பார்த்து.

"வில்லீஸோ புல்லீஸோ, சீலை உக்கிப்போச்சு. பாருங்கோ, ஊசி குத்தினா ஊசியோடயே கிழிஞ்சு வருது. இதுக்கு ஒட்டுப் போடுறது உங்கட காசுக்குக் கேடு. புதுசு தைப்பம். ஆனா பழசை எறிஞ்சுபோடாதேங்கோ, அச்சு எடுக்கோணும்."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இந்த இயலின் சாரம் முழுவதும் இருக்கிறது. பழைய சீலை உக்கினாலும் அதுதான் அளவுகோல். தையலைப் பிரித்து, பத்திரிகைத்தாளில் அச்செடுத்து, பழையது நனைந்து சுருங்கியிருக்கும் என்பதால் சுற்றிவர ஒரு விரல் கூட்டி வெட்டினார். நூல் விசயத்தில் அவருக்கும் மாமாவுக்கும் அரைமணி நேர வாதம். பருத்தி நூல் நனைந்தால் ஊதி ஊசித் துளையை அடைத்துவிடும், ஆனால் உக்கும். பொலியெஸ்ரர் நூல் உக்காது, துளையையும் அடைக்காது. முடிவில் பொலியெஸ்ரர் நூலால் தைத்து, தையல் வழியே மெழுகுதிரியைத் தேய்த்துச் சமாதானம் செய்தார்கள். கண்ணாடிப் பிளாஸ்திக்கை உச்சி வெயிலில் வைத்துத்தான் தைத்தார். சூட்டில் இளகி விரிந்து நிற்கும்போது தைத்தால் பிறகு குளிரில் இறுகி விறைப்பாக நிற்கும். காலையில் தைத்தால் மத்தியானம் தொங்கும்.

நிறம் ஒரு தனி அத்தியாயம். முதலில் இருந்தது படைப் பச்சை. அதையே போடுவோம் என்றேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் சோதனைச் சாவடிகள் அத்தனையும் வரிசையாக நின்றன. நீலம் போட்டோம்.

பரிசோதனைக் களமாக வல்லைவெளியைத் தெரிந்தோம். பருத்தித்துறை வீதியில் கோப்பாய், நீர்வேலி, புத்தூர் வரை வாழையும் வேலியும் காற்றை மறிக்கும். ஆவரங்கால் தாண்டி வல்லையில் ஏறினால் தொண்டைமானாற்று நீரேரிப் பக்கமிருந்து வரும் காற்றுக்குக் குறுக்கே நிற்க ஒரு மரமும் இல்லை. பேய்க்கதைகளுக்குப் பேர்போன அந்த வெளி, வாகன ஆய்வுக்கு இயற்கை அமைத்த காற்றுச் சுரங்கம். மழை நாளொன்றில் மூன்றுமுறை கடந்தோம். கதவில்லாமல் போனபோது முழுக்க நனைந்தோம். மாமியிடமிருந்து மீட்ட பழைய சீலையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போனபோதும் முழுக்க நனைந்தோம், ஆனால் கதவு இருக்கிறதென்ற தெம்போடு நனைந்தோம். புதுக் கதவோடு முழங்காலுக்குக் கீழே மட்டும் நனைந்தோம். மாமி மூன்று தடவையும் வண்டிக்குள் குடை விரித்திருந்ததால் அவர் தரவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த முடிவை ஏற்காத ஒரு மாற்றுப் பள்ளி உண்டு. அதன் தலைவர் ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான். "உதைக் கழட்டி எறிஞ்சுபோட்டுத் தகரக் கதவு அடியுங்கோ, காசு நான் தாறன்" என்பது அவருடைய வாதம். இதே மச்சான்தான் 2009இல் ஏ9 பாதை திறந்தபின் வந்து, எங்கள் கிடுகு வேலியைப் பிடுங்கி ஆறடி மதிலும் இரும்பு கேற்றும் போட்டுத் தந்தவர். மதில் வடிவானதுதான். வருடா வருடம் அடைக்கும் செலவு இல்லை, அந்தச் சாக்கில் எல்லைக் கதியாலை ஒரு சாண் நகர்த்தும் வழக்கும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஐயா மோசம்போன சேதி எங்களுக்கு முகநூலில்தான் தெரியவந்தது. வேலி இருந்திருந்தால் பொட்டுக்குள்ளால் முதல் அழுகையே கேட்டிருக்கும்.

மாமா மச்சானுக்குக் கொள்கை விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. நல்லூர் பின்வீதியில் மெதுவாகப் போகும்போது சைக்கிளில் வந்த ஒரு வாத்தியார் ஜீப்போடு சமமாக மிதித்துக்கொண்டே படங்குக்கு வெளியிலிருந்து, "என்ன, புதுச் சீலையோ?" என்று கேட்டார். மாமா உள்ளேயிருந்து, விலையும் கடையும் நூல் விவகாரமும் உட்பட முழுக் கதையையும் சொன்னார். முத்திரைச்சந்தி வரை போயிற்று. பின் இருக்கையில் இருந்த மச்சானுக்குப் பெற்றோல் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தகரத்துக்குள்ளால் இந்த உரையாடல் நடக்காது என்பதைக் கண்டுபிடிப்பாகவே இங்கு முன்வைக்கிறேன். ஒரு வருடத்துக்குப் பிறகு கிழியப்போகும் கதவுக்கு இருக்கும் பணிவு, கிழியாத கதவுக்கு வராது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல் மீண்டும் தொடங்கும்வரை, ஓடுகிற எதற்கும் விலை ஏறிக்கொண்டேயிருந்தது. எங்கள் ஜீப்பையும் இரண்டுபேர் கேட்டு வந்தார்கள். இரண்டுபேரும் கதவைத் தட்டிப் பார்த்தார்கள், சத்தம் வரவில்லை, போய்விட்டார்கள்.

ஆய்வில் ஒரு குறை மீதியிருக்கிறது. இடப்பக்கக் கதவின் மேல் கீலாணி வல்லைவெளியில் எங்கோ விழுந்துவிட்டது. இப்போதைக்கு ஆறங்குல ஆணி ஒன்றை வளைத்துச் செருகியிருக்கிறோம், அது மாமியின் சீலைத் தலைப்பை இரண்டு தடவை பிடித்துவிட்டது. வாசகர் யாரிடமாவது பழைய வில்லீஸின் கீலாணி ஒன்று கராச் மூலையில் கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடவேண்டாம். எங்கள் படலையில் வந்து கூப்பிடுங்கள். கேற்றில் மணி வேலை செய்யாது.