அப்பா பேர் வைக்கணும்

பூந்தமல்லியில் இருந்துகொண்டு சீமையை ஆண்டவர் தாமர்லா ஐயப்ப நாயக்கர். அண்ணன் வேங்கடப்பர் வந்தவாசியில். சந்திரகிரி அரசவை வரை செல்வாக்கு. குறை ஒன்றுதான்: அப்பா சென்னப்பர் பேரில் ஒரு பட்டணம் இல்லை.

1639இல் பிரான்சிஸ் டே என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி ஆசாமி, துணி மலிவாகக் கிடைக்கும் மணல்கரையைக் கேட்டு வந்தான். கொடுத்துவிட்டார்கள். சுங்கத்தில் பாதி நமக்கு, பட்டணம் அப்பாவுக்கு. அங்கே வலை காயப்போட்டவனைக் கூப்பிட்டா கேட்டிருப்பார்கள்? கோட்டையை நாயக்கரே கட்டித் தருவதாகப் பேச்சு என்றது கம்பெனி. வேலை தொடங்கியதும் நாயக்கர் கைவிரித்தார். கோட்டைக் கடனுக்கான வட்டியை என் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்று டே முன்வர வேண்டியதாயிற்று. அடிக்கல்லோடு நின்றுபோகும் நம்மூர்ப் பாலங்களின் பூர்விகம் இதுதான் போலும். இன்னொரு சகோதரர் அங்கபூபாலர் தெலுங்கில் காவியம் எழுதி அப்பாவுக்கே சமர்ப்பித்தார். ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் வசதி அப்போது இல்லை, பாவம்.

சில வருஷத்தில் கோல்கொண்டா படை வந்து சீமையை வாரிக்கொண்டது. நாயக்கர்கள் போனார்கள். வித்து மட்டும் மண்ணிலேயே கிடந்தது.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் போட்டோம். 1955இல் இதே சீமையின் ஆவடியில் காங்கிரஸ் கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. இன்று பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் ஜெயிப்பது அம்மா, ஃபைலைப் புரட்டுவது ஐயா. மகனுக்கு மீசை அரும்புமுன் 'வருங்காலமே' பேனர். பேத்தி காதுகுத்துக்கு மெயின் ரோடு அடைப்பு. 2019இல் பள்ளிக்கரணையில் ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் தண்ணீர் லாரியில் சிக்கிச் செத்தாள். பெற்றவர்களுக்கு ஒரே பிள்ளை. கொஞ்ச நாள் பேனர்கள் ஒளிந்துகொண்டன. பிறகு இன்னும் அகலமாக வந்து நின்றன.

மழை கொட்டினால் அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஏரிக்குப் போகும் கால்வாய் எங்கே என்று கேட்காதீர்கள். அதன்மேல் யாருடைய மண்டபம் நிற்கிறது என்று கேளுங்கள். மூன்றாம் நாள் படகு வருகிறது. பிரெட் பாக்கெட்டில் தாத்தா, அப்பா, மகன் மூவரும் சிரிக்கிறார்கள். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கச் சொன்னால், "தம்பிகிட்ட சொல்லிட்டேன், பார்த்துக்குவாரு" என்கிறார் வட்டச் செயலாளர்.

தம்பிக்கு ப்ளஸ் டூ பரீட்சையாம்.