பாலோ வட்டாரத்து இளவேனில்: ஒரு முன்னோட்ட ஆய்வின் முன்னுரைக்கான குறிப்புகள்

ஆண்டுக்கு ஆறு பருவம் என்பது தொல்காப்பியர் வகுத்தது. அது பாலோவுக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால், திருத்தப்பட வேண்டியது பாலோவே அன்றி நூல் அன்று. இந்த அசையாத நடுநிலையோடு ஆய்வு தொடங்குகிறது.

களம்: ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டம், பாலோ. பின்னால் பால்மரக் காடும் முன்னால் செம்பனையும் சூழ்ந்த ஒரு பலகை வீடு. சிக்கல்: ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு கால் மணி நேரம்தான். ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருப்பது இதைவிட நீண்ட பருவம் (மூன்றாம் மேசை, காலை அமர்வு, வாய்மொழி).

முன்னோடி ஆய்வு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் தொடங்கி, முதல் பூ, முதல் தளிர், முதல் தவளைக் குரல் என்று வசந்தத்தின் 27 அறிகுறிகளை ஆண்டுதோறும் தேதியிட்டுக் குறித்தார். அவர் வழி வந்தவர்கள் 1958 வரை அதை விடவில்லை. பாலோவில் தவளைக்கு ஓய்வுக் காலமே கிடையாது என்பதால் இம்முறை முதல் இரவிலேயே கைவிடப்பட்டது.

இனி அறிகுறிகள்.

காகிதக் குறி. சீனப் பெருநாளுக்குக் கடைவாசலில் ஒட்டும் சிவப்புத் தாளில் ‘வசந்தம்’ என்றே எழுதியிருக்கிறது. இதற்கு மேலும் சான்று கேட்பவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம்.

குயில் குறி. புலவர்களின் குயில் இளவேனிலை அறிவிக்கும். இங்குள்ள குயில் விடியற்காலை ஐந்து மணியை அறிவிக்கிறது, மாத வேறுபாடு பார்ப்பதில்லை. அது முட்டையிடத் தேடும் கூடு காக்கையுடையது. அந்தக் காக்கையோ 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட சரக்கு. தமிழ்க் கவிதையின் தலைமைப் பறவை ஒரு தோட்டத் துரையின் பூச்சிக்கொல்லித் திட்டத்தில் ஒண்டிப் பிழைக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

தகைவிலான் குறி. ஐரோப்பாவில் இக்குருவி வந்தால் வசந்தம். நம் பக்கத்துச் சிறு நகரங்களில் மாலையானால் மின்கம்பி நிறைய உட்கார்ந்திருக்கும் இக்குருவிகள், மார்ச், ஏப்ரல் வாக்கில் வடக்கே கிளம்பிவிடும். ஆகவே கம்பி காலியானால் வசந்தம், வேறெங்கோ.

புறா ஆர்க்கிட் குறி. திடீர் மழையில் வெக்கை சட்டென்று இறங்கினால், ஒன்பதாம் நாள் காலை வட்டாரம் முழுவதும் ஒருசேரப் பூக்கும், மாலைக்குள் வாடும், மாநாட்டு ஆய்வுக்கோவை போல.

மாநாடு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது. முன்னின்றவர் தனிநாயக அடிகள், பழந்தமிழ்க் கவிதையின் இயற்கையையே ஆராய்ந்தவர். அவருக்குப் பின் நான் உட்கார்ந்து கேட்ட இயற்கைக் கட்டுரைகளில் ஒன்றிலாவது கட்டுரையாளர் சன்னல் பக்கம் திரும்பிய தடயம் இல்லை.

பால்மரக் குறி. இதுவே தலையாயது. அமேசான் காட்டு மரம். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. தைக்கும் பங்குனிக்கும் இடையில் ஒரு வறட்சி வந்தால் மொத்தக் காடும் இலையைக் கொட்டும். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் விடும், பின்பு பூக்கும். பிற நாடுகள் ஆறு மாதம் இழுத்துச் செய்யும் வேலையை ஒரே மாதத்தில் முடித்துக்கொள்கிற மரம். பாலும் அப்போதுதான் குறையும். தளிர் சிவக்கச் சிவக்கச் சம்பளச் சீட்டு வெளுக்கும். செம்பு நிறத்தை வியந்து எழுதியவர்கள் எவரும் மரம் சீவியவர்களாகத் தெரியவில்லை.

ஆனால் இலை கொட்டத் தொடங்கிய நாளை எப்படிக் கண்டறிவது? இங்கேதான் இக்கட்டுரையின் பங்களிப்பு. வாசல் கூட்டும் பாட்டியின் வசையை நான்கு நிலைகளாகப் பகுத்து, அதற்கு ‘ஈர்க்குமாற்று அளவை’ என்று பெயரிட்டுள்ளோம். முதல் நிலையில் பேச்சில்லை, துடைப்பத்தின் வேகம் மட்டும் கூடும் (பாட்டி, மாசி, காலைப் பதிப்பு). இரண்டாம் நிலை மரத்தை நோக்கியது (மேலது, மாலைப் பதிப்பு, பக்கத்து வீட்டார் வந்திருந்ததால் சுருக்கப்பட்டது). மூன்றாம் நிலை அந்த மரத்தை நட்ட தாத்தாவை நோக்கியது (மேலது, திருத்திய விரிவாக்கப் பதிப்பு, கொல்லைப்புறம், கோழிகளைப் பற்றிய பின்னிணைப்புடன், ஒரே பிரதி தாத்தாவின் இடது காதில் பாதுகாக்கப்படுகிறது, அந்தக் காது கேட்காது). நான்காம் நிலை ஆய்வாளரை நோக்கியது: “எலையப் பாத்துக்கிட்டே நிக்கிறியே, ரெண்டு கூட்டு கூட்டுனா கொறஞ்சா போயிருவ?” நான்காம் நிலை எய்தப்பட்ட நாளே இளவேனிலின் முதல் நாள் என்று கொள்க.

உரை வேறுபாடு ஒன்று எஞ்சுகிறது. மூன்றாம் நிலை வசை ‘இந்த எழவெடுத்த எல’ என்று எழுந்து, நடுவில் சாணிக்கும் சம்பந்திக்கும் போய், ‘என் அட்டியல்’ என்று முடிகிறது. இலைக்கும் அட்டியலுக்கும் என்ன உறவு? நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டில் ஒரு மூலையில் கிடந்த சொல்லை இன்னொரு மூலைச் சொல்லோடு கொண்டுபோய் மாட்டிப் பொருள் கண்டார். மறைமலையடிகள் அதற்காக அவரைச் சும்மா விடவில்லை. அவ்வழியே நாமும் மாட்டிப் பார்த்தோம்: இலை உதிர்ந்தால் பால் இல்லை, பால் இல்லாத மாதம் அட்டியல் அடகுக் கடையில். பொருள் குறைவின்றி வந்தது. அம்முறை இவ்வளவு ஒழுங்காகப் பொருந்தியது இதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

செம்பனைக்கு இளவேனில் இல்லை. ஆண்டு முழுவதும் குலை தள்ளும். அதற்கு மகரந்தம் சேர்க்கும் வண்டுகூட கெமரூனிலிருந்து வரவழைக்கப்பட்டு 1981இல் இதே குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் விடப்பட்டதுதான். அதுவரை மகரந்தத் தூளைக் கையால் தூவிய பெண்களுக்கு அத்தோடு அந்த வேலை போயிற்று. வண்டை அழைத்துப் பாடிய புலவர்கள் இந்த வண்டைக் கண்டிருந்தால் வேறு திணை ஒன்று வகுத்திருப்பார்கள்.

இப்போது தாத்தா, பின்னாலுள்ள பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை வைக்கலாம் என்கிறார். அது நடந்தால் இவ்வீட்டின் இளவேனில் ஒழியும், ஈர்க்குமாற்று அளவைக்குத் தரவும் கிடைக்காது. எனவே அறிவுலகின் நலன் கருதி இக்கட்டுரையாளர் அத்திட்டத்தை வன்மையாக எதிர்க்கிறார். இதற்குப் பாட்டி வெளியிட்ட மறுப்புரை அச்சேறும் தரத்தில் இல்லை.